நிற்கும்போது சூடா, ஓடும்போது சூடா? 1969 பான்டியாக் ஜி.டி.ஓ.வும் ஃபீனிக்ஸ் கோடையும்

பழைய வி-8 எஞ்சின் கொதிக்கிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: வண்டி நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போது சூடேறுகிறதா? சிக்னலில் நிற்கையில் வெப்ப மீட்டரின் முள் ஏறி, நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கிவிட்டால், ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை, அல்லது ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, தீப்பொறி தாமதமாக விழுகிறது. ஊருக்குள் நன்றாக ஓடிவிட்டு, நெடுஞ்சாலையில் அரை மணி நேரத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல ஏறினால், தண்ணீர் ஓட்டம் குறைவு, அல்லது ரேடியேட்டருக்கு அந்தச் சுமையைத் தாங்கும் திறன் இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் புது ரேடியேட்டர் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அதில் போகும் பணத்தைவிட, பணம் போன பிறகும் சூடு குறையவில்லையே என்ற சலிப்பில் வண்டியையே விற்றுவிடுவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

என்னுடைய வண்டி 1969ஆம் ஆண்டு பான்டியாக் ஜி.டி.ஓ. அதில் 400 கன அங்குல எஞ்சின், அதாவது ஏறத்தாழ 6.6 லிட்டர், நான்கு பேரல் கார்புரேட்டர், ஆட்டோமேட்டிக் கியர், தொழிற்சாலையிலேயே பொருத்திய ஏ.சி. 1964இல் நடுத்தர உடலில் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைப் பொருத்தி வெளிவந்த முதல் ஜி.டி.ஓ.தான் 'மசில் கார்' என்ற, நடுத்தர உடலில் பெரிய எஞ்சின் கொண்ட வகைக்கே வழி திறந்தது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு முன்பு இதை வைத்திருந்தவர் குளிர் மிகுந்த வட மாநிலத்தில் ஓட்டியவர். அங்கே இதன் குறைகள் வெளியே தெரிய வாய்ப்பே இல்லை. நான் இருப்பது அரிசோனாவின் ஃபீனிக்ஸ். 2023ஆம் ஆண்டில் இந்த நகரம் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத பகல் வெப்பத்தைப் பார்த்தது. தார்ச் சாலைக்குச் சற்று மேலே, ரேடியேட்டர் மூச்சு வாங்கும் உயரத்தில், காற்று அதைவிடவும் சூடு. இங்கே என் வண்டி நிற்கும்போதும் சூடேறியது, ஓடும்போதும் சூடேறியது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைகள் சேர்ந்திருக்கின்றன என்பதற்கு அதுவே அடையாளம்.

எதையும் கழற்றுவதற்கு முன்பு, உண்மையான வெப்பநிலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாஷ்போர்டு மீட்டரை நம்பக் கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன மீட்டர், எப்போதோ மாற்றப்பட்ட பொருந்தாத வெப்ப உணரி (சென்டர்), துருப்பிடித்த எர்த் இணைப்பு ஆகிய மூன்றில் எது வேண்டுமானாலும் பொய் சொல்லும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று போதும்; ஆனால் அதைப் பளபளக்கும் அலுமினியத்தின் மேல் காட்டினால் உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும். ஆகவே தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் தெர்மோஸ்டாட்டின் மூடியின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டை ஒட்டி, அந்த இடத்தில் மட்டும் அளக்கிறேன். என் மீட்டர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டியது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும் வண்டி சூடாகத்தான் இருந்தது. எனினும் எவ்வளவு சூடு என்பது தெளிவாகிவிட்டதால், செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் என்ன பலன் என்று அளந்து பார்க்க முடிந்தது.

எத்தனை டிகிரி வரை கவலையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இனி வரும் வெப்ப அளவுகளெல்லாம் செல்சியஸில். சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்து, 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைத் தாங்கும் ரேடியேட்டர் மூடியும் சரியாக இருந்தால், கொதிநிலை ஏறத்தாழ 129 டிகிரிக்குப் போய்விடும். ஆகவே 82 டிகிரி தெர்மோஸ்டாட் உள்ள எஞ்சின் கடும் கோடையில் 95 டிகிரியில் நின்றால் அது நோயில்லை. ஏறிக்கொண்டே போகிறதா, ஓரிடத்தில் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். நிற்காமல் ஏறினால்தான் எஞ்சின் உண்டாக்கும் சூட்டை ரேடியேட்டரால் வெளியேற்ற முடியவில்லை என்று பொருள். மூடி பழையதாக இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்த்துவிடும், ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தமும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்த்துகிறது என்பதால், இறுக்கம் விட்ட மூடி தரும் நஷ்டம் சிறியதல்ல. சில டாலர்தான் விலை, முதலில் அதை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சின் பிளாக்கிற்கும் அதன் மேல் உள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு. எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தால், வேறு எந்த வேலை செய்தும் பயனில்லை. ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து, உள்ளேயிருந்து வரும் ஆவியை நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனைக் கருவி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. கரியமில வாயு கலந்திருந்தால் திரவம் மஞ்சளாகும். என் வண்டியில் அது நீலமாகவே நின்றது. அந்த நிம்மதியோடுதான் மற்ற வேலைகளைத் தொடங்கினேன்.

நிற்கும்போது ஏறும் சூட்டை முதலில் எடுத்துக்கொண்டேன். பானட்டைத் திறந்ததும் கண்ணில் பட்டது ஃபேனைச் சுற்றி இருக்க வேண்டிய ஷ்ரவுட் என்னும் உறை இல்லாததுதான். எப்போதோ எஞ்சினை வெளியே எடுத்தவர்கள் அதைத் திரும்பப் பொருத்தவில்லை. ஷ்ரவுட் இல்லாத ஃபேன், தனக்கு நேராக உள்ள வட்டத்தில் மட்டும்தான் காற்றை இழுக்கும்; ரேடியேட்டரின் நான்கு மூலைகளும் சும்மா இருக்கும். அதைவிட மோசம், எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றே ஓரங்கள் வழியாகச் சுற்றி மறுபடியும் முன்னால் வரும். அந்த மாடலுக்கு உரிய ஷ்ரவுடை வாங்கிப் பொருத்தினேன். ஃபேன் இறக்கையின் அகலத்தில் பாதி ஷ்ரவுடுக்கு உள்ளேயும் பாதி வெளியேயும் இருக்க வேண்டும் என்பது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் அளவு. முழுவதும் உள்ளே புதைந்தாலும், முழுவதும் வெளியே நின்றாலும் இழுவை குறையும். ரேடியேட்டருக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த சந்துகளை ரப்பர் பட்டைகளால் அடைத்தேன், ஏனெனில் காற்று எப்போதும் எளிய வழியைத்தான் தேடும், சந்து இருந்தால் ரேடியேட்டரின் ஊடே போகாது.

ஃபேன் கிளட்சையும் பார்க்க வேண்டும். அதன் முகப்பில் உள்ள சுருள், ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றின் சூட்டை உணர்ந்து உள்ளே உள்ள சிலிகோன் எண்ணெயைத் திறந்துவிட்டு ஃபேனை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றினால், அது எதிர்ப்புக் காட்டி நிற்க வேண்டும். தடையில்லாமல் பல சுற்று சுற்றினால் கிளட்ச் செத்துவிட்டது. முன்புறத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தாலும் அதே முடிவுதான்.

இவ்வளவு செய்த பிறகு மாலை நேரத்துப் போக்குவரத்தில் வண்டி அடங்கியது. ஆனால் பகலில் ஏ.சி.யைப் போட்டு சிக்னலில் நின்றால் முள் இன்னும் நகர்ந்துகொண்டே இருந்தது. காற்று சரியாகிவிட்டது, அப்படியானால் எஞ்சினே தேவைக்கு மேல் சூட்டை உண்டாக்குகிறது.

பலரும் கவனிக்காத இடம் இது. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினின் உழைப்பாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதி தண்ணீருக்குள் இறங்குகிறது. ஐட்லிங்கில் காற்றை உள்ளே விடும் த்ராட்டில் தகடு மூடியிருப்பதால் சிலிண்டருக்குள் வரும் கலவை அடர்த்தி குறைந்தது, பழைய புகையும் கலந்தது. ஆகவே மெதுவாக எரியும். அதற்கு முன்கூட்டியே பொறி கொடுக்க வேண்டும். தாமதமாகக் கொடுத்தால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் தீ எரிந்துகொண்டே இருக்கும். அந்தத் தீ வெளியேறும் வழியைச் சுற்றி இருப்பது தண்ணீர்தான். இப்படித்தான் பொறி விழும் நேரத்தில் வரும் வெறும் டைமிங் கோளாறு ரேடியேட்டர் கோளாறுபோல வேடம் போடுகிறது.

டைமிங் லைட்டைப் பிடித்துப் பார்த்தபோது, ஐட்லிங்கில் பொறி, எஞ்சின் தண்டின் சுழற்சியில் 10 டிகிரிக்கும் குறைவாகவே முன்னால் விழுந்தது. பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில், எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டு பொறியை முன்கூட்டியே விழவைக்கும் வாக்குவம் அட்வான்ஸ் டப்பாவின் குழாயை யாரோ பிடுங்கி, கார்புரேட்டர் துளையை ரப்பர் மூடியால் அடைத்திருந்தார்கள். 'ரேஸ் எஞ்சினுக்கு வாக்குவம் அட்வான்ஸ் தேவையில்லை' என்று ஒரு நம்பிக்கை இங்கே உண்டு. எப்போதும் முழு வேகத்தில் ஓடும் பந்தய வண்டிக்கு அது சரி, தெருவில் ஓடும் வண்டிக்குச் சரியில்லை. இன்னொரு விஷயம்: 1960களின் இறுதியில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது, ஐட்லிங்கில் பொறியைத் தாமதப்படுத்துவது தொழிற்சாலைகளே கையாண்ட உத்தி. அதற்காகக் குழாயை த்ராட்டில் தகட்டுக்கு மேலே உள்ள துளையில் இணைப்பார்கள். அங்கே ஐட்லிங்கில் உறிஞ்சல் இருக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் வண்டிகள் சிலவற்றில், தண்ணீர் சூடு எல்லை மீறினால் குழாயை முழு உறிஞ்சலுக்கு மாற்றிவிடும் ஒரு வெப்ப சுவிட்சையே வைத்தது. தாமதமான பொறி எஞ்சினைச் சூடேற்றும் என்பதைத் தயாரித்தவர்களே அறிந்திருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

குழாயை நேராக, சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டின் உறிஞ்சலுக்கு இணைத்தேன். அந்த நொடியிலேயே எஞ்சினின் சத்தம் மாறியது. சுழற்சி தானாக ஏறியது. ஐடில் ஸ்க்ரூவைத் திருகி மறுபடியும் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தேன். ஏ.சி. போட்டு நின்ற நிலையில் தெர்மோஸ்டாட் மூடியின் வெப்பம் கிட்டத்தட்ட 8 டிகிரி இறங்கி அங்கேயே நின்றது. இதற்கு ஆன செலவு ஒரு முழம் ரப்பர் குழாய். முழு த்ராட்டிலில் உறிஞ்சல் போய்விடுவதால், வேகத்தில் ஓட்டும்போது இது கெடுதல் செய்யாது. ஆனால் மிதமான வேகத்தில் எஞ்சின் தட்டும் சத்தம் கேட்டால், டப்பா தரும் அட்வான்ஸ் அளவைக் குறைத்தாக வேண்டும். இந்த எஞ்சினின் கம்ப்ரஷன், அதாவது கலவையை நசுக்கும் விகிதம், 10.75க்கு 1. இங்கே பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பிரீமியத்தின் ஆக்டேன், அதாவது தட்டலைத் தாங்கும் அளவு, 91தான்; இவ்வளவு நசுக்கலுக்கு அது குறைவு. ஆகவே தட்டும் சத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. அது பிஸ்டனையும் கெடுக்கும், சிலிண்டர் சுவருக்குப் போகும் சூட்டையும் கூட்டும். இன்றைய பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால், அந்தக் காலத்து ஜெட்டுகளோடு (பெட்ரோலை அளந்துவிடும் துளைகள்) கார்புரேட்டர் சற்று மெலிந்த கலவையைத்தான் கொடுக்கும் என்பதையும் நினைவில் வைத்து, ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினேன்.

இனி ஓடும்போது ஏறும் சூடு. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே ஃபிளாக்ஸ்டாஃப் போகும் ஐ-17 நெடுஞ்சாலையில், பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் ஒரு நீண்ட ஏற்றம் தொடங்கும். சன்செட் பாயின்ட் ஓய்விடம் வரும்வரை சாலை விடாமல் ஏறும். கோடையில் பானட்டைத் திறந்துவைத்து ஓரம் நிற்கும் வண்டிகளை அங்கே எப்போதும் பார்க்கலாம். என் வண்டியும் அந்த ஏற்றத்தின் பாதியிலேயே எல்லையைத் தாண்டியது. அந்த வேகத்தில் ஃபேனுக்கு வேலையே இல்லை, எதிர்க்காற்றே போதும். ஆகவே சந்தேகம் தண்ணீர் ஓட்டத்தின் மேல் விழுந்தது.

கீழ் ரேடியேட்டர் ஹோஸை முதலில் பார்த்தேன். அது பம்ப்பின் உறிஞ்சும் பக்கம். உள்ளே கம்பிச் சுருள் இல்லாவிட்டால், எஞ்சின் வேகமெடுக்கும்போது ஹோஸ் தட்டையாகிவிடும். என்னுடையதில் சுருள் இருந்தது. பிறகு சூடான ரேடியேட்டரின் முகத்தில் வெப்பமானியை வரிசையாக நகர்த்தினேன். சீராகக் குறைந்துகொண்டு போகவேண்டிய வெப்பம், சில இடங்களில் திடீரென்று குளிர்ந்த திட்டுகளைக் காட்டியது. அந்தக் குழல்கள் அடைபட்டிருந்தன. பழைய செம்பு-பித்தளை ரேடியேட்டர் என்பதால், தொட்டிகளைக் கழற்றி உள்குழல்களைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்யும் கடையைத் தேடிப்பிடித்துக் கொடுத்தேன். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்து வருகிறார்கள். உங்கள் ஊரில் ஒருவர் இருந்தால் அவரை ஆதரியுங்கள்.

ரேடியேட்டர் திரும்பி வந்த பிறகும் ஏற்றத்தில் சூடு முழுவதும் அடங்கவில்லை. பழைய பான்டியாக் எஞ்சின்களைப் பல பத்தாண்டுகளாகக் கட்டி ஓய்வுபெற்ற ஒரு முதியவரிடம் கேட்டேன். நான் செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாட்டர் பம்ப்பின் பின்னால் இருக்கும் தகட்டைப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பான்டியாக் வி-8க்கே உரிய அமைப்பு அது. பம்ப்புக்கும் எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவருக்கும் நடுவே மெல்லிய உலோகத் தகடு ஒன்று உண்டு. தண்ணீரைத் தள்ளும் பம்ப்பின் சுழல் சக்கரமான இம்பெல்லர் அந்தத் தகட்டை ஒட்டிச் சுழன்றால்தான் தண்ணீர் எஞ்சின் பிளாக்கிற்குள் தள்ளப்படும். இடைவெளி அதிகமானால், ஓட்டை வாளியில் இறைத்த நீர் கிணற்றுக்கே திரும்புவதுபோல, தள்ளிய தண்ணீர் பின்பக்கமாகவே கசிந்து திரும்பிவிடும். துருவில் தகடு ஓட்டையானாலும் இதே கதிதான். பழைய பம்ப்புகளில் வார்ப்பிரும்பு இம்பெல்லர் இருந்தது. பின்னாளில் மாற்றாக வந்த பல பம்ப்புகளில் தகட்டை வளைத்துச் செய்த மலிவான இம்பெல்லர் இருக்கிறது, அதன் உயரம் எப்போதும் பொருந்துவதில்லை. 1969இல்தான் பான்டியாக் 8 போல்ட் டைமிங் கவரிலிருந்து 11 போல்ட் கவருக்கு மாறியது. ஆகவே பாகம் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை.

பம்ப்பைக் கழற்றி, தகட்டின் மேல் இம்பெல்லர் வரும் வட்டத்தில் நான்கு இடங்களில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக வைத்தோம். கேஸ்கெட்டோடு பம்ப்பைப் பொருத்தி, போல்ட்டுகளை இறுக்கி, மறுபடி கழற்றினோம். நசுங்கிய களிமண்ணைக் கத்தியால் வெட்டி, அதன் கனத்தை அளந்தோம். ஐந்து மில்லிமீட்டருக்கும் மேல் இருந்தது. ஒன்றரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றார் அவர். தகட்டை மரக்கட்டையின் மேல் வைத்து, நடுத்துளையைச் சுற்றியுள்ள விளிம்பைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டி இம்பெல்லரின் பக்கம் எழுப்பினார். ஒரே இடத்தில் அடிக்காமல் வட்டமாகச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு முறையும் பொருத்தி, பம்ப்பைக் கையால் சுற்றி, உரசல் கேட்கிறதா என்று காது வைத்துப் பார்த்தோம். உரசாத எல்லையில் நிறுத்தினோம். வார்ப்பிரும்பு இம்பெல்லர் உள்ள பம்ப் ஒன்றையும் அப்போதே பொருத்திவிட்டேன்.

பம்ப் வெளியே இருந்த அதே நேரத்தில், பிளாக்கின் இரு பக்கங்களிலும் உள்ள வடிகால் திருகுகளைக் கழற்றினேன். தண்ணீர் வரவில்லை. கம்பியை உள்ளே விட்டுக் குத்திய பிறகுதான், வார்ப்பு மணலும் துருவும் கலந்த காப்பிப்பொடி நிறத்துச் சேறு வெளியே வந்தது. பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றி அது தேங்கும். அங்கே தண்ணீர் இல்லாமல் இரும்பு தனியாகச் சூடேறும். மீட்டர் அதைக் காட்டவும் காட்டாது. ரேடியேட்டரின் கீழ்க் குழாயை மட்டும் திறந்து 'ஃப்ளஷ்' செய்கிறவர்கள் இந்தச் சேற்றைத் தொடுவதே இல்லை. தெளிந்த நீர் வரும்வரை ஹோஸை வைத்துக் கழுவினேன்.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சென்னையில் இருந்த காலத்தில், வண்டி சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது பட்டறைகளில் வழக்கமாக இருந்தது. இன்றும் பல இடங்களில் இருக்கிறது. இங்கேயும் பழைய வண்டிக்காரர்களில் சிலர் அதைச் செய்கிறார்கள். வேறு சிலர், தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டைக் கொடுக்க நேரமிருக்காது, ஆகவே தெர்மோஸ்டாட் வேண்டும் என்று வாதிடுகிறார்கள். இரண்டும் சரியில்லை. ஓட்டம் கூடினால் வெப்பப் பரிமாற்றம் கூடத்தான் செய்யும். தெர்மோஸ்டாட் தேவைப்படுவதற்குக் காரணம் வேறு: அது எஞ்சினைச் சரியான சூட்டில் வைக்கிறது, பிளாக்கிற்குள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்து எக்ஸாஸ்ட் வால்வுகளைச் சுற்றி நீராவிக் குமிழிகள் உருவாகாமல் தடுக்கிறது. நான் 82 டிகிரியில் திறக்கும் தரமான ஒன்றைப் போட்டு, அதன் விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டேன். நிரப்பும்போது உள்ளே சிக்கும் காற்று அதன் வழியே வெளியேறும். இன்னும் குறைந்த 71 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் குளிர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அது முன்னதாகத் திறக்கும், அவ்வளவுதான். முழுவதும் திறந்த பிறகு இரண்டும் ஒன்றே.

நிரப்பும் தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். ஃபீனிக்ஸ் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள சுண்ணாம்பு, சுத்தம் செய்த குழல்களில் மறுபடியும் படியும். இங்கே உறைபனி அரிது என்பதால் கூலன்ட்டைக் குறைத்து வெறும் தண்ணீரே ஊற்றலாம் என்பார்கள். தண்ணீர் தனியாகச் சூட்டை நன்றாகவே கடத்தும், ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. நான் பாதிக்குப் பாதி வைத்திருக்கிறேன். பழைய கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள்; எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய்களும் பூனைகளும் நக்கும், சிறிதளவே அவற்றைக் கொன்றுவிடும்.

மின்சார ஃபேன் போடலாமா என்று கேட்கிறார்கள். நல்ல ஷ்ரவுடும் நல்ல கிளட்சும் உள்ள பழைய ஃபேனை அது எளிதில் வெல்லாது என்பதே என் எண்ணம். பழைய ஆல்டர்னேட்டர் அந்த மின்சுமையைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய அலுமினிய ரேடியேட்டர் நல்ல பொருள்தான், ஆனால் மற்றவை சரியான பிறகும் போதவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.

வழியில் சூடேறிவிட்டால் செய்ய வேண்டியவை சில. ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் திறந்துவிடுங்கள். அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். நிற்கும் நிலையில் நியூட்ரலில் வைத்து எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டால் பம்ப்பும் ஃபேனும் வேலை செய்யும். முள் அப்போதும் ஏறினால் அணைத்துவிடுங்கள். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே உள்ள நீர் கொதித்து முகத்தில் பீறிடும். சூடான பிளாக்கின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். மேல் ஹோஸைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள்.

இப்போது அதே ஏற்றத்தில், கடும் கோடைப் பகலில், ஏ.சி.யோடு ஏறினாலும் என் வண்டி 98 டிகிரியைத் தாண்டுவதில்லை. சன்செட் பாயின்ட்டில் சாலை சமமானதும் 90க்கு இறங்கிவிடுகிறது. ஓடிவந்து அணைத்த பிறகு சில நிமிடங்கள் முள் ஏறும். பம்ப் நின்றுவிட்டதால் இரும்பிலுள்ள சூடு தேங்கிய நீருக்குள் இறங்குவதுதான் காரணம். அதைக் கண்டு கவலைப்பட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்து, மறுபடி கிளப்பும்போது எஞ்சின் இழுத்தடிப்பது மட்டும் எஞ்சியிருக்கிறது. கார்புரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தடித்த கேஸ்கெட் ஒன்றை வைத்து, பெட்ரோல் குழாயை எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து விலக்கிப் போடுவது இந்தக் குளிர்காலத்துக்கு நான் வைத்திருக்கும் வேலை.